மூச்சை அடக்கித் தூக்காதீர்கள்

வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால், பசறையிலோ அப்புத்தளையிலோ ஒரு லயத்து வீட்டில் முதலில் நடப்பது அந்த ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடுவதுதான். அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயப்பட வேண்டியது நடைக்கு அல்ல, தம் கட்டிப் பாரம் தூக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு. பெருந்தமனியின் சாதாரண அகலம் சுமார் 2 சென்ரிமீற்றர். அது 3ஐ எட்டினால் அனியூரிசம் என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 அளவில்தான் பெரும்பாலும் சத்திரசிகிச்சைப் பேச்சு வரும். அதுவரை பல வருடங்கள் அந்த வீக்கத்தோடுதான் வாழ வேண்டியிருக்கும். குழாய் அகல அகல, அதே பிரஷர் அதன் சுவரைக் கூடுதலாக இழுக்கும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985இல், பாரம் தூக்கிப் பழகிய ஐந்து பேரின் தமனிக்குள்ளேயே பிரஷரை அளந்தார்கள். இரண்டு கால்களாலும் உச்ச பாரத்தைத் தள்ளும்போது அது சராசரியாக 320/250 வரை ஏறியது. ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. குனிந்து, பல்லைக் கடித்து, மூச்சை உள்ளே பூட்டி 50 கிலோ உர மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் தோட்டத்து ஆளுக்கும், வெலிமடையில் கிழங்கு மூட்டையை லொறியில் ஏற்றுபவருக்கும் பிரஷர் திடீரென எகிறுவது இதே வழியில்தான்.

‘காலமெல்லாம் தூக்கிப் பழகிய உடம்பு, ஒன்றும் ஆகாது’ என்பார்கள். பழக்கத்தால் தசை இறுகும். மெலிந்துபோன தமனிச் சுவர் தடிக்காது. ‘அப்படியானால் படுத்திருப்பதே நல்லது’ என்பதும் சரியல்ல. சிறிய வீக்கமுள்ள 140 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், சிலர் மூன்று வருடம் வரை பயிற்சி செய்தும் வீக்கம் வேகமாக வளரவில்லை, உடல் திறன் கூடியது. பின்னால் சத்திரசிகிச்சை வந்தால் அந்தத் திறன்தான் கைகொடுக்கும். ஆகவே வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு தினமும் நடங்கள்; ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று போங்கள். பேசிக்கொண்டே தூக்க முடிகிற பாரம்தான் உங்களுக்குரிய பாரம். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மலச்சிக்கலில் முக்குவதும் இதே தம் கட்டல்தான். பிரஷர் 180/110ஐத் தாண்டிய நாளில் பாரத்தைத் தொடவே வேண்டாம். சுருட்டையும் சிகரெட்டையும் விடாமல் இவற்றை மட்டும் செய்து பெரிய பயன் இல்லை. நெஞ்சிலோ மூளையிலோ வீக்கம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் தங்கள் வைத்தியர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

இதில் நியாயமான மறுப்பு ஒன்றுதான்: தூக்காவிட்டால் அன்றைய வேலைநாளுக்குப் பேர் விழாதே, சம்பளத்துக்கு எங்கே போவது? இதற்கு நோயாளி மட்டும் பதில் சொல்ல முடியாது. கிளினிக் கொப்பியில் ‘பாரம் தூக்கக் கூடாது’ என்று பொதுவாக எழுதாமல், எத்தனை கிலோ வரை என்று வைத்தியர் எழுத வேண்டும். அதைப் பார்த்துத் தோட்ட நிர்வாகம் இலேசு வேலை கொடுக்க வேண்டும், சம்பளத்தில் கை வைக்காமல். வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி வந்து, வியர்த்து, மயக்கம் கண்டால் தைலம் தேய்த்துப் பார்க்காதீர்கள். தோட்டத்து லொறிக்கும் காத்திராதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, இன்ன இடத்தில் வீக்கம் இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.