நாள் எப்படிப் போகிறது?

சர்க்கரை நோய் பற்றிய ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியானபோது புதுச்சேரிக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் மட்டும் 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் நமக்குத்தான். ஏறத்தாழ நாலில் ஒருவர்.

இத்தனைக்கும் இந்த ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. நடப்பவர்களுக்காக மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். சோற்றைக் குறை, நட, கவலைப்படாதே என்று சொல்லாத மருத்துவரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. எல்லாம் தெரிந்தும் ஏன் முடியாமல் போகிறது?

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த அம்மாவுக்கு வயது 48, சாப்பிட்டபின் சர்க்கரை 220. இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், அவரும் தலையாட்டிவிட்டு வருகிறார். கணவர் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வீடு திரும்பப் பதினொன்று ஆகும். அவருக்குப் பரிமாறி, தானும் உட்கார்ந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவிப் படுக்க நள்ளிரவு. குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை நாலரைக்கு. அவருடைய தட்டை மட்டும் பார்த்துச் சொன்ன யோசனை இந்த வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

உடலும் தட்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். ரத்தத்திலிருந்து சர்க்கரையை அகற்றும் திறன் அவர்களுக்குக் கண்கூடாகக் குறைந்தது. மனக்கவலை நீடித்தால் கார்ட்டிசால் சுரந்து, கல்லீரல் கூடுதலாகச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் இறக்கிவிடும். கால் தசை சுருங்கும்போதோ, குளுட்-4 என்ற புரதங்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து இன்சுலினுக்காகக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடந்தாலே பலன் தெரிவது இதனால்தான். உணவு, தூக்கம், கவலை, நடை எல்லாம் ஒரே கணக்கில் வரவாகின்றன. ஆளை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த உடலியலை வைத்துத்தான்.

அப்படிப் பார்ப்பது எப்படி? குடிப்பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களோடு வேலைசெய்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் ஒரு முறையை எழுதிவைத்தார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை வளர்த்தார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று அதற்குப் பெயர். நாம் அழுத்திச் சொல்லச் சொல்ல, எதிரில் இருப்பவர் ஏன் முடியாது என்பதற்குக் காரணம் தேடுவார். ஏன் வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்தால் மாற்றத்துக்கு வழி பிறக்கும். முத்தியால்பேட்டை அம்மாவிடம் ஒரு செவிலியர் இந்த முறையில் பேசினால் இப்படி இருக்கலாம்:

"நாள் எப்படிம்மா போவுது?"

"நாலரைக்கு எழுந்தா ராத்திரி பன்னெண்டு சிஸ்டர். அவரு வந்து உக்காராம நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?"

"அதுவும் சரிதான். இதுல எதை மாத்தலாம்னு உங்களுக்கே தோணுது?"

"எட்டு மணிக்கே பசிக்கத்தான் செய்யுது. அப்ப கொஞ்சம் சுண்டல் தின்னுட்டா, அவரோட உக்காரும்போது ஒரு இட்லியோட நிறுத்திப்பேன்."

"கடலையை எப்ப ஊறப்போடுவீங்க?"

"காலையில தண்ணி பிடிக்கும்போதே போட்டுடறேன்."

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் காட்டியதும் இதைத்தான்: செய்வேன் என்ற உறுதியைவிட, இன்னது நடக்கும்போது இன்னதைச் செய்வேன் என்ற ஏற்பாட்டுக்குப் பலம் அதிகம். இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று மேடைகளில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவில் நடுமதிப்பு 66 நாள், வீச்சு 18-லிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதகம் இல்லை. ஒரு நாள் தவறியதுமே "எனக்கு ராசியில்லை" என்று கைவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மருந்தோடு ஒப்பிடும்படியான சான்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை பற்றி ஆளுக்கேற்பப் பேசி, மாதந்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆறு மாதத்துக்கொருமுறை நேரில் பார்த்த குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 40.5. அதாவது மனிதர் துணை மாத்திரைக்குச் சமமாக நின்றது, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. இதே குழு 2013-இல், அவரவர் மனநிலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்பக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது. இரண்டு ஆண்டில் நோய் வந்தவர்கள் 18 சதவீதம். செய்தி பெறாதவர்களில் 27.

ஆளை முழுசாகப் பார்த்துத் துணைநிற்கும் இந்தச் சிந்தனை புதுச்சேரிக்கு அந்நியமானது அல்ல. 1910 ஏப்ரலில் இங்கே வந்து இறங்குவதற்குச் சற்று முன், 'கர்மயோகின்' இதழில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரியரைக் கட்டளையிடுபவராக அல்லாமல் துணையும் வழிகாட்டியுமாக வைத்து எழுதினார். 1943-இல் அரவிந்தர் ஆசிரமப் பள்ளியைத் தொடங்கிய அன்னை, உடல், உயிர், மனம், அகம், ஆன்மா ஐந்தையும் சேர்த்து வளர்ப்பதே கல்வி என்றார். ஆன்மிகத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஒருவரை மாற்ற வேண்டுமானால் அவருக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் பயன்படும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. இன்சுலின் தேவைப்படுகிறவரிடம் பேசிப் பேசியே சர்க்கரையை இறக்க முடியாது. மனச்சோர்வில் இருப்பவருக்கு மனநல மருத்துவர் வேண்டும். வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கி "வாழ்க்கையையே மாற்றித் தருகிறேன்" என்று கட்டணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வேலைக்குத் தகுதியானவர்கள் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று அந்தச் செவிலியர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு முறையான பயிற்சியும், ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து நிமிடமும், மாதம் ஒரு தொலைபேசி அழைப்பும் கொடுக்கலாம். நோயாளி கொண்டுவரும் அட்டையில் சர்க்கரை அளவுக்குக் கீழே இன்னும் நாலு வரி சேர்க்கலாம்: எத்தனை மணிக்குப் படுக்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார், எதை நினைத்துக் கவலைப்படுகிறார், எதை மாற்ற அவரே முன்வந்தார். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.