அன்னதானமும் அறிவுதானமும்

பசித்தவனுக்கு ஒரு வேளை அன்னமிடுவது புண்ணியம். அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று அவனோடு அமர்ந்து ஆராய்வது அதனினும் பெரும் பணியாகும். கனடா தேசத்தின் கீழ்க்கரையில் ஒரு திருச்சபை இப்பணியைச் செய்துகாட்டிய வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதுகிறோம்.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஆன்டிகோனிஷ் என்பது ஒரு சிற்றூர். அங்கே கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் துணைத் தலைவராயிருந்த ஜிம்மி டாம்ப்கின்ஸ் பாதிரியார், கல்லூரிக்கு வர இயலாத ஏழைகளிடம் கல்லூரியே செல்லவேண்டும் என்று 1921-இல் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பின்னர் அவர் கான்சோ என்னும் மீனவர் ஊருக்குப் பங்குக் குருவாகச் சென்றார்.

அங்கே வலையும் மாவும் வியாபாரியிடம் கடன். பிடித்த மீனுக்கு விலை வைப்பவரும் அவரே. முதலாளியிடம் நூலை வாங்கி, அவர் சொன்ன கூலிக்கே நெய்து கொடுத்த நம் நெசவாளருக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. 1927 ஜூலை முதல் நாள் கனடா தன் வைர விழாவைக் கொண்டாடியபோது, கான்சோ மீனவர்கள் கூடித் தம் வறுமையை எடுத்துரைத்தனர். அரசு விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. 1928-இல் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கெனத் தனித் துறையை நிறுவியது. மோசஸ் கோடி பாதிரியார் அதன் இயக்குநரானார்.

அத்துறை பணத்தைப் பகிர்ந்தளிக்கவில்லை. ஊர்தோறும் பொதுக்கூட்டம் கூட்டியது. பின் சிலர் சிலராகப் படிப்புக் குழுக்களை அமைத்தது. மாலை வேளைகளில் அவர்கள் ஒருவர் வீட்டில் கூடி, தம் பொருளை வாங்குபவர் யார், இடையில் நிற்கும் இலாபம் எவ்வளவு என்று கணக்கிட்டனர். லிட்டில் டோவர் என்னும் ஏழைக் கிராமத்தார் தாமே காட்டில் மரம் வெட்டி, சிங்கி இறாலை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையைக் கட்டினர். 1932-இல் மாகாணத்தில் நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது; சில்லறைக் காசுகள் சேமிப்பாகித் திரண்டன. ரிசர்வ் மைன்ஸ் ஊரின் சுரங்கத் தொழிலாளர் வீடு கட்டும் முறையைக் கற்று, 1938-இல் தம் வீடுகளைத் தாமே கட்டத் தொடங்கினர். கத்தோலிக்கர் அல்லாதாரும் இவ்வியக்கத்தில் சேர்ந்து உழைத்தனர்.

கோடி பாதிரியார் 1959-இல் காலமானார். அவ்வாண்டே அவர் பெயரால் நிறுவப்பட்ட பயிற்சி நிலையத்தில் பல தேசத்து ஊழியர்கள் பயின்று வருகின்றனர்.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடைகளும் சங்கங்களும் பெருகின. ஆனால் படிப்புக் குழுக்கள் தேய்ந்தன. உரிமையாளராயிருந்த அங்கத்தினர் பலர் வெறும் வாடிக்கைக்காரராயினர். கற்பது நின்றால் சங்கத்தின் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

நம் மகாசபைக் கூட்டத்திற்கு வந்து, கையொப்பமிட்டு, தேநீர் அருந்திச் செல்வது போதுமா? நூல் என்ன விலைக்கு வந்தது, துணி என்ன விலைக்குப் போயிற்று, விதைக்கும் உரத்திற்கும் பெற்ற கடன் எவ்வளவு திரும்பிற்று என்று கேட்டறிய ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் மாதம் ஒரு மாலை கூடட்டும். கேட்கும் அங்கத்தினரே சங்கத்தின் முதற்பெரும் மூலதனம்.