வேப்பங்கொட்டையில் பூச்சிமருந்து: வீட்டிலேயே செய்யலாம்

மீள்குடியேறிய குடும்பத்துக்கு முதலில் கைகொடுப்பது வீட்டுத்தோட்டம். ஆனால் கத்தரி, மிளகாய், பயிற்றை காய்க்கத் தொடங்கும் முன்பே புழுவும் அழுக்கணவனும் வந்துவிடும். உடனே நஞ்சு மருந்து வாங்க ஓட வேண்டாம். அது செலவு; பிள்ளைகளும் சமையலும் ஒரே கொட்டிலுக்குள் இருக்கும்போது ஆபத்தும்கூட. உங்கள் வளவில் நிற்கும் வேம்பே பல பூச்சிகளைக் கட்டுப்படுத்தும்.

எப்படி வேலை செய்கிறது?

வேப்பம் பருப்பில் அசாடிராக்டின் என்ற பொருள் உண்டு. அது பட்ட இலையைப் பல பூச்சிகள் தின்னாது. தின்ற புழுக்களில், தோல் கழற்றி வளர உதவும் ஓமோன் குழம்பிவிடும். அவை வளராமல் சாகும். இதற்குச் சில நாட்கள் எடுக்கும். மறுநாள் புழு உயிரோடு இருப்பதைக் கண்டு கைவிடாதீர்கள். புழு சிறிதாக இருக்கும்போதே தெளியுங்கள்.

கொட்டை சேர்த்தல்

பழம் உதிரும் காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்கில் வையுங்கள். பெரும்போகத்துக்கு உதவும். பூஞ்சணம் பிடித்ததைத் தவிருங்கள்.

கவனம்: மிதிவெடி அகற்றப்பட்ட காணிகளில் மட்டுமே பொறுக்குங்கள். மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்துக்கும் பற்றைக்காணிக்கும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

செய்முறை (5 லீற்றர்)

1. கோது நீக்கிய பருப்பு 250 கிராமை உரலில் இடியுங்கள்.
2. துணியில் பொட்டலமாகக் கட்டி, 5 லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள்.
3. காலையில் பால்நிறம் வரும்வரை பிழிந்து, வடியுங்கள்.
4. சீவிய சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி கரைத்துச் சேருங்கள். கரைசல் இலையில் ஒட்டும்.

அன்றே பின்னேரம் தெளியுங்கள். வெயில் இதன் வீரியத்தைக் குறைக்கும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். தெளிகருவி இல்லாவிட்டால் வேப்பங்குழையைத் தோய்த்து விசிறலாம். வாரம் ஒருமுறை தெளியுங்கள். மழை கழுவினால் மீண்டும் தெளியுங்கள்.

இதையும் மறவாதீர்கள்

கத்தரித் தண்டைத் துளைத்து உள்ளே போன புழுவை இது எட்டாது. வாடிய நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். கரைசலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். காய்களைக் கழுவிச் சமையுங்கள். நோய் எதுவென்று தெரியாவிட்டால், பாதிக்கப்பட்ட இலையுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள்.