கிள்ளானில் ஒன்பது மணி, மெல்பர்னில் பன்னிரண்டு

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்களா? ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு பிப்ரவரிக் கடைசியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். பொங்கல் முடிந்த கையோடு இங்கே வீடு பரபரப்பாகிவிடும். கோயிலில் ஓர் அர்ச்சனை, சித்தப்பா வீட்டில் ஒரு விருந்து, பெரியம்மா கையில் திணிக்கும் ஐம்பது வெள்ளி, கே.எல்.ஐ.ஏ.வில் இருபது பேர் சேர்ந்து நிற்கும் ஒரு படம். அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறிய நிமிடத்திலிருந்து நம் பிள்ளைக்குப் பெயர் மாறிவிடும்: ‘ஆஸ்திரேலியாவில் படிக்கிற பிள்ளை’.

நான் 2012-ல் கிள்ளானிலிருந்து மெல்பர்னுக்கு ஊடகத் துறை படிக்கப் போனவள். இப்போது வானொலியில் மாலை நேர நிகழ்ச்சி நடத்துகிறேன். மேற்படிப்பு பற்றிப் பேசும் நாள்களில் பெற்றோரின் அழைப்புகள் குவியும். எந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவு, குளிர் தாங்குமா, நம்ம சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பார்கள். எல்லாம் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முந்தைய கேள்விகள். ஏறிய பிறகு போனில் என்ன கேட்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சாப்பாட்டுக் கவலையை முதலில் முடித்துவிடலாம். மெல்பர்னின் தென்கிழக்கில் கிளேட்டன், டாண்டினோங் பக்கம் தங்கினால் தோசை மாவிலிருந்து கறிவேப்பிலை வரை கிடைக்கும். கடைக்குப் போனால் ஈழத்து அம்மா ஒருவர் “எந்த இடம் பிள்ளை?” என்று கேட்பார். மலேசியா என்றதும், “அதுதான் கதைக்கிற விதம் வேற மாதிரி இருக்கு” என்பார். கேரம் டவுன்ஸில் பெரிய சிவ விஷ்ணு ஆலயம் இருக்கிறது. மாணவர்கள் அங்கே போவதில் பக்தி பாதி, சோறு பாதி. ஆகவே பெட்டியில் பச்சை இலை, பழம், விதை எதையும் வைக்காதீர்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் அவற்றுக்கு அனுமதி இல்லை. சம்பல், மசாலாத் தூள், கருவாடு என்று எதைக் கொண்டுபோனாலும் பயணிகள் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம்.

குளிருக்கும் இங்கே கோட்டு வாங்கப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அங்கே ‘ஆப் ஷாப்’ என்று தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. என்னுடைய முதல் கம்பளிக் கோட்டு பன்னிரண்டு டாலர். ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: மெல்பர்னில் குளிர் வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளேயும் இருக்கும். பழைய வாடகை வீடுகளில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். மின் கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டர் போடாமல், மூன்று காலுறைகளோடு தூங்கும் மாணவர்கள் ஏராளம்.

இதெல்லாம் பழகிவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் அழுகிற பிள்ளையைப் பற்றியும் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அது கோடைக் காலம், இரவு எட்டு மணி வரை வெளிச்சம். அறிமுக வாரத்தில் இலவச சாசேஜ், இலவசப் பை, கழகங்களில் சேரச் சொல்லி மேசைக்கு மேசை அழைப்பு. எல்லாரும் புதியவர்கள், எல்லாரும் சிரிப்பார்கள். சிக்கல் நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் வருகிறது. சிரித்தவர்கள் தத்தம் கூட்டத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். முதல் அசைன்மென்ட் மதிப்பெண் வந்திருக்கும். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்று மாலை ஆறு மணி சுமாருக்கே இருட்டிவிடும். எஸ்.பி.எம்.மில் ‘ஏ’ மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளை, நூற்றுக்கு நாற்பத்தெட்டு என்ற தாளோடு அந்த இருட்டில் பேருந்துக்கு நிற்கும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர் தங்கியிருந்தோம். அதில் ஒருத்தி ஈப்போக்காரி, கணக்கியல் படித்தாள். நன்றாகச் சமைப்பாள், வாய் ஓயாமல் பேசுவாள். மூன்றாவது வாரத்திலேயே புள்ளியியல் பாடம் அவளுக்குப் பிடிபடவில்லை. விரிவுரையாளர்கள் வாரம் ஒரு மணி நேரமாவது மாணவர்களைத் தனியாகச் சந்திக்க ஒதுக்குவார்கள். அவள் போகவில்லை. நம் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் அறைக்குப் போவது என்றால் ஏதோ தப்பு செய்தோம் என்று பொருள். அந்தப் பழக்கம் விமானம் ஏறினாலும் கூடவே வருகிறது. அங்கேயோ, வந்து கேட்காத மாணவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பேராசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் அது. கேட்காமல் யாரும் வந்து தோளைத் தட்ட மாட்டார்கள்.

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் ‘சென்சஸ் டேட்’ என்று ஒரு நாள் உண்டு. பெரும்பாலான இடங்களில் முதல் பருவத்துக்கு மார்ச் 31, இரண்டாம் பருவத்துக்கு ஆகஸ்ட் 31. அதற்குள் ஒரு பாடத்தை விட்டுவிட்டால் பொதுவாக அந்தப் பாடத்துக்கான கட்டணம் தலையில் விழாது, தோல்வி என்றும் பதிவாகாது. அந்த நாள் தாண்டினால் கட்டணம் கட்டியது கட்டியதுதான். வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்கள் தாமாகவே பாடத்தைக் குறைத்துவிடக் கூடாது, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகள் வேறாகவும் இருக்கலாம், சேர்க்கை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஆனால் முடிவெடுக்க மொத்தமே நான்கைந்து வாரம்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிள்ளை வாயைத் திறக்கத் தயங்கும் காலமும் அதே நான்கைந்து வாரம்தான்.

ஈப்போக்காரி வாரம் இரண்டு முறை ஸ்கைப்பில் அப்பாவிடம் பேசுவாள். “எல்லாம் நல்லா போகுதுப்பா.” சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மார்ச் 31 போயிற்று. ஜூனில் பாடமும் போயிற்று. ஒரு பாடத்துக்கு அப்போதே 3,000 டாலருக்கு மேல், நம் பணத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் வெள்ளி. அதைத் திரும்பப் படிக்க இன்னொரு பத்தாயிரம்.

அவளுடைய அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விஷயம் தெரிந்த இரவு ஸ்கைப்பில் அவர் குரலையும் கேட்டேன். “அந்தத் தேதிக்கு முன்னாலேயே சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனேம்மா” என்றார். இவள் சொன்னாள்: “நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான்பா சொல்லல.”

அந்த வீட்டில் சேமநிதியின் இரண்டாம் கணக்கில் இருந்த பணம் மகளின் படிப்புக்குப் போயிருந்தது. அம்மாவின் நகை அடகில் இருந்தது. நம்மில் எத்தனையோ குடும்பங்களில் இதே கதைதான். பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். உபகாரச் சம்பளம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கல்விக்கென்று சேமநிதியில் எடுக்கலாம், 2024 மே மாதத்திலிருந்து அந்தக் கணக்குக்குச் செஜாத்ரா என்று பெயர். எடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே ‘எனக்கு முடியவில்லை’ என்ற வார்த்தை வாய்க்கு வராது. ‘உனக்காகத்தான் எல்லாம்’ என்று விமான நிலையத்தில் அன்பாகச் சொல்லி அனுப்புகிறோமே, ஐந்தாவது வாரத்தில் அது வேறு மாதிரி காதில் விழும். அதற்குப் பதிலாகக் கணக்கைச் சொல்லி அனுப்பலாம் என்பது என் கருத்து. ‘ஒரு பாடம் போனால் இவ்வளவு நட்டம், அதுவரைக்கும் நம்மால் தாங்க முடியும், அதனால் பயப்படாமல் சீக்கிரம் சொல்லு’ என்று தொகையோடு சொன்னால், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

இப்போது போன் பேசும் நேரத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் மெல்பர்ன் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிறது. அம்மா வேலை முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, தொடர் நாடகமும் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு நிம்மதியாகப் போனை எடுக்கும்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. மறுநாள் காலை எட்டு மணி வகுப்புக்கு ஓட வேண்டிய பிள்ளை அந்த நேரத்தில் என்ன சொல்லும்? “நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, தூங்குறேம்மா.” இதில் பொய் இல்லை, தூக்கம்தான் இருக்கிறது. எங்கள் அம்மா இரண்டாவது வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்து, நேரத்தைக் காலைக்கு மாற்றினார். அவர் ஆறு மணிக்குப் பசியாறச் செய்துகொண்டிருப்பார், எனக்கு அங்கே ஒன்பது மணி. தோசைக்கல் சத்தம் கேட்கக் கேட்கப் பேசுவேன். வகுப்பு இல்லாத நாள்களில் அது ஒரு மணி நேரம்கூடப் போகும்.

நேரத்தை மாற்றிய பிறகு கேள்வியையும் மாற்ற வேண்டும். வானொலியில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான். ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘நல்லா இருக்கேன்’ என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்டால் நிகழ்ச்சி அங்கேயே செத்துவிடும். ‘உங்கள் தீபாவளி எப்படி?’ என்று கேட்டால் ‘சிறப்பு’ என்பார் நேயர். ‘காலையில் முதலில் யார் தலையில் எண்ணெய் வைத்தது?’ என்று கேட்டால் பாட்டி வருவார், தம்பியின் குறும்பு வரும், அழுகைகூட வரும்.

அதே போல, “சாப்பிட்டியா?” என்பதைவிட “நேத்து யாரோட சாப்பிட்ட?” என்று கேளுங்கள். மூன்று வாரமாக ‘தனியாத்தான்’ என்று பதில் வந்தால் உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது. “படிக்கிறியா?” வேண்டாம். “முதல் அசைன்மென்ட் எதைப் பத்தி? எந்தப் பாடம் இழுக்குது? லெக்சரரைப் போய்ப் பார்த்தியா, என்ன சொன்னார்?” மார்ச் மூன்றாவது வாரம் இதைக் கட்டாயம் கேளுங்கள். உங்களுக்குப் புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை. தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லும்போது தனக்கு எங்கே புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். “ரொம்ப சோர்வா இருக்கு” என்று அடிக்கடி வந்தால், பல்கலைக்கழகத்தின் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இலவசம். ‘நம்ம பிள்ளைக்கு என்ன பைத்தியமா?’ என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

வீட்டைப் பற்றியும் அப்படித்தான். “ரூம் நல்லா இருக்கா?” என்பதைவிட “பாண்ட் ரசீது வந்துச்சா?” என்பது நல்ல கேள்வி. விக்டோரியா மாநிலத்தில் வாடகை முன்பணத்தை வீட்டுக்காரர் தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று உள்ள அரசு வாரியத்தில் 10 வேலை நாள்களுக்குள் கட்ட வேண்டும். கட்டியதும் வாடகைக்கு இருப்பவருக்குத் தகவல் வரும். வரவில்லை என்றால் விசாரிக்க வேண்டும். அறையைப் பார்க்காமலேயே இங்கிருந்து பணம் அனுப்பச் சொல்பவரை நம்பவே வேண்டாம்.

வேலை விஷயம் இன்னும் கொஞ்சம் நாசூக்கானது. பகுதி நேர வேலை கிடைத்துவிட்டது என்றால் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். “மணிக்கு எவ்வளவு? சம்பளச் சீட்டு தர்றாங்களா?” என்று கேளுங்கள். வாரக் கடைசியில் நான் பாத்திரம் கழுவிய ஓர் உணவகத்தில் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள், சட்டம் சொன்ன தொகையில் பாதிதான் இருக்கும். ‘நம்ம ஆளுங்க கடை’ என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் நான் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் பெரியவர்களுக்கான தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. 21 வயதுக்குக் கீழ் என்றால் குறையலாம், கேஷுவல் வேலை என்றால் கூடும். வெளிநாட்டு மாணவருக்கும் அதே உரிமைதான். எங்கள் காலத்தில் வகுப்பு நடக்கும் நாள்களில் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்யலாம், 2023 ஜூலையிலிருந்து 48. அதற்கு மேல் போனால் விசாவுக்கே ஆபத்து. ரொக்கத்தில் கொடுக்கும் முதலாளி அதைச் சொல்லியே பிள்ளையை மிரட்டுவதும் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியைச் சீக்கிரம் கேட்கச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி: பல் மருத்துவர். விசாவுக்காகக் கட்டாயம் எடுக்கும் மாணவர் மருத்துவக் காப்புறுதியில் பொதுவாகப் பல் சிகிச்சை சேராது, அங்கே பல் அடைக்க ஆகும் செலவு கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். இங்கேயே முடித்து அனுப்புங்கள். கண்ணாடி போடும் பிள்ளை என்றால் கூடுதலாக ஒன்று செய்து கொடுங்கள்.

ஈப்போக்காரி அந்தப் பாடத்தை அடுத்த முறை எடுத்துத் தேறினாள். இரண்டாவது முறை வாரா வாரம் விரிவுரையாளர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமை காலையில் அப்பா கூப்பிடுவார், பாடத்தின் பெயரைச் சொல்லியே கேட்பார். அவர் வாயில் ‘ஸ்டட்டிஸ்டிக்ஸ்’ கடைசி வரை நுழையவில்லை. “அந்த ஸ்டாட்டி எப்படிம்மா இருக்கு?” என்பார், யாரோ சொந்தக்காரரை விசாரிப்பது போல. எங்கள் வீட்டில் நால்வரும் அப்புறம் அந்தப் பாடத்தை அப்படித்தான் கூப்பிட்டோம்.

நேர வித்தியாசத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மூன்று மணி. மற்ற மாதங்களில் இரண்டு.