உங்களுக்குத் தெரியுமா? மூன்று பந்துக் கருவியை ஊதக் கூடாது!

நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குத் திருப்பத்தூரிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் பலரிடம், மூன்று பந்துள்ள ஸ்பைரோமீட்டரைக் கொடுத்துப் பழகச் சொல்வார்கள். பலர் அதை ஊதுகிறார்கள். தவறு! குழாயைக் கவ்வி, மூச்சை நிதானமாக, ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும். ஒரு பந்து எழ நொடிக்கு 600 மி.லி., இரண்டுக்கு 900, மூன்றுக்கும் 1200 மி.லி. காற்று உள்ளே போக வேண்டும். அறுவைக்குப் பின் மிச்சமுள்ள நுரையீரல் விரியவும், சளி தேங்காமலிருக்கவும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

நடையும் மருந்துதான். மருத்துவர் அனுமதித்தால் நம் ஊர்த் திருத்தளிநாதர் கோயில் பிராகாரத்தைத் தினமும் சுற்றுங்கள். முன்கூட்டியே உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் கணிசமாகக் குறைந்ததை 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. சோதனைகள் சிறியவை என்றாலும் நம்பிக்கை தருபவை.

பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். அறுவைக்குத் தேதி குறித்த அன்றே பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.