திரும்பி வந்த பார்சல்கள்

பெருநாள் வியாபார நாளொன்றில், எமது புறக்கோட்டைக் கடைக்கு கூரியர் தம்பி ஒருவர் வந்து பதினொரு பார்சல்களை மேசையில் வைத்தார். எல்லாம் திரும்பி வந்தவை. பேஸ்புக்கில் உடுப்புக்கு ஓடர் கொடுத்தவர்களில் பலர் போனை எடுக்கவில்லை. எடுத்த சிலர் "வேண்டாம்" என்றுவிட்டார்களாம்.

"ஒழுங்காகத் தேடிப் போகவில்லையா தம்பி?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"முதலாளி, நாலு வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். கையில் கொடுத்துக் காசு வாங்கினால்தான் எனக்குக் கணக்கு. திரும்பி வந்தால் ஒரு சதமும் இல்லை" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பும் பார்சலுக்கு நான் கம்பனிக்குக் கட்டணம் கட்டுகிறேன். அது அவர் கைக்குப் போவதாகவே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உட்கார வைத்து விசாரித்தேன். மோட்டார் சைக்கிள் அவருடையது. பெற்றோல், டயர், போன் செலவு எல்லாம் அவருடையவை. மாலையில் ஒப்படைக்கும் காசு குறைந்தால் அவரே போட வேண்டும். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவானது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்த நாட்களிலும் நாம் "டெலிவரி இலவசம்" என்று விளம்பரம் போட்டோம். யாருடைய செலவில் என்று யோசிக்கவில்லை.

சேமலாப நிதி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம். துண்டுக்கூலிக்கு வேலை செய்பவருக்கும் சேமலாப நிதி உரியது. இது நம் கடைக்காரர்கள் பலருக்கே தெரியாது. ஆனால் இவரை ஊழியர் என்று எழுதாமல் சுயதொழில் செய்பவர் என்று எழுதிக்கொண்டால் கம்பனிக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாக் கம்பனியும் அப்படியல்ல, மாதச் சம்பளம் கொடுப்போரும் இருக்கிறார்கள்.

இப்போது பார்சல் கட்டுமுன் நாமே வாடிக்கையாளருக்குப் போன் செய்து உறுதிப்படுத்துகிறோம். திரும்புவது நன்றாகக் குறைந்திருக்கிறது. திரும்பும் பார்சலுக்கும் தம்பிமாருக்கு ஏதாவது கொடுக்கும்படி கம்பனி முகாமையாளரிடம் கதைத்தேன். அப்படியானால் பார்சலுக்கு இருபது ரூபா கூடும் என்றார். நான் சம்மதித்தேன். பக்கத்துக் கடை நானா சம்மதிக்கவில்லை, அதைவிட மலிவான கம்பனி ஒன்றுக்கு மாறிவிட்டார்.