தகரத்தில் ஒரு பொம்மர்

மொன்றியால் விமானங்களோடு தொடர்புள்ள நகரம். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் 1947 முதல் இங்கேதான் இருக்கிறது. இந்நகரின் பழைய பொருட் சந்தைகளில் பொறுமையாகத் தேடினால் வேறொரு வகை விமானமும் எப்போதாவது அகப்படும். அது தகரத்தில் செய்த யப்பானிய விளையாட்டு விமானம்.

1945இல் போரில் தோற்ற யப்பானில் உலோகத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. அவ்வாண்டின் இறுதியில் கொசுகே என்னும் பொம்மைத் தயாரிப்பாளர், அமெரிக்கப் படையினர் எறிந்த தகரப்பேணிகளை வெட்டி நிமிர்த்திச் சிறு ஜீப்புகள் செய்தார். கியோட்டோவில் பத்து யென்னுக்கு விற்ற அந்த ஜீப்போடு தகரப் பொம்மைத் தொழில் மீண்டும் எழுந்தது. பின்னர் விமானங்களும் வந்தன.

செய்முறை எளிமையானது. தட்டையான தகரத்தில் யன்னல்கள், விமான நிறுவனத்தின் பெயர், ஆணித் தலைகள் எல்லாவற்றையும் முதலிலேயே வண்ணத்தில் அச்சிட்டு விடுவார்கள். பிறகு அச்சில் அழுத்தி வடிவமாக்கி, ஒரு பாதியின் ஓரத்து நாக்குகளை மறுபாதியின் துளைகளில் செருகி மடக்குவார்கள். உள்ளே கனமான ஒரு சுழல்சக்கரம் இருக்கும். தரையில் தேய்த்து விட்டால் விமானம் இரைந்து கொண்டு ஓடும்.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது விமானத்தில் உள்ள எழுத்துகளைத்தான். 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 'டி.என்.' என்றால் நொமுரா, 'டி.எம்.' என்றால் 1724இல் தொடங்கிய மசுதயா, 'வை' என்றால் யொனெசாவா. துருவும் கீறலும் விலையைக் குறைக்கும். புதிதாக வர்ணம் பூசினால் இன்னும் குறையும். பழைய அட்டைப் பெட்டியும் கூட இருந்தால் மதிப்பு கூடும்.

இவற்றில் என்னை நிறுத்தி வைப்பது டோக்கியோவின் டொமியாமா நிறுவனம் 1951இல் செய்த பி-29. இன்றைய டக்காரா டொமியின் முன்னோடி அது. பி-29 விமானங்கள்தான் 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவை எரித்தன. ஹிரோசிமாவில் அணுகுண்டு போட்டதும் பி-29தான். ஆறு ஆண்டுகளில் அதே நகரத்தின் தொழிலாளர்கள் அதே விமானத்தைத் தகரத்தில் மடக்கி ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். நல்ல விற்பனை. அந்த வருமானத்தில் அடுப்பு எரிந்த வீடுகள் அங்கே இருந்திருக்கும்.

1980களிலும் 1990களிலும் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு 'பொம்மர்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் நாங்கள். எங்களில் யாராவது அதைப் பொம்மையாகச் செய்து விற்றிருப்போமா? கோபம் வருமா, வயிறு வெல்லுமா? எனக்குப் பதில் தெரியவில்லை.

1960களில் பிளாஸ்டிக் பரவியதோடு தகர விமானங்கள் மறையத் தொடங்கின. கிதஹாரா தெருஹிசா என்ற சேகரிப்பாளர் 1986இல் யோக்கோஹாமாவில் தகரப் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார். மற்றவை உலகெங்கும் சந்தைகளில் கிடக்கின்றன. அடுத்த முறை ஒன்று கண்ணில் பட்டால் கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள்.